பனிமலைச் சாட்சி

"பனியில நின்னா எவனாச்சும் கறுத்துப் போவானா? நீயே சொல்லு" என்றாள் குணசுந்தரி, கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்.

கிரேஸும் எட்டிப் பார்த்தாள். படத்தில் அவள் கணவன் ஜெரால்ட், ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சறுக்கு விடுதியின் பின்வாசலில், அரைக்கைச் சட்டையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் பனி. முகம் மட்டும் சித்திரை வெயிலில் ரோடு போட்டவனைப் போலக் கறுத்து, மூக்கில் தோல் உரிந்திருந்தது.

பக்கத்து வீட்டுக் குணசுந்தரி, பனி விஷயத்தில் காக்களூருக்கே அதிகாரி. அவள் மகன் ஜெகன் கனடாவில் இருக்கிறான். தினமும் காலை பதினொரு மணிக்கு அவனோடு வீடியோவில் பேசுவாள். அங்கே அது நைட் ஷிப்டாம்.

"எம் புள்ளைய பாரு. கண்ணு ரெண்டத் தவிர ஒண்ணும் தெரியாது. வாயத் தொறந்தா பொக பொகயா வரும். பின்னாடி காத்து உய்யுனு அடிச்சுக்கினே இருக்கும். அதான் குளிரு. உங்க ஊட்டுக்காரரு இன்னா, மாமியார் ஊட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறாரு?"

"அப்ப அவரு எங்க இருக்காருன்றீங்க அக்கா?"

"எங்க இருந்தாரோ அங்கதான். கும்மிடிப்பூண்டில. வெயில்ல லோடு ஏத்திக் கறுத்துப் பூட்டாரு. அந்தப் பனி தெர்மாகோலு."

ஜெரால்ட் பதினோரு வருடம் கும்மிடிப்பூண்டியில் ஒரு இறால் கம்பெனியின் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்கியவன். மைனஸ் பதினெட்டில் நின்றவன் என்று தெரிந்ததும் விடுதிக்காரர்கள் வேறு கேள்வி கேட்காமல், பனிக்காலம் முழுவதும் சமையலறையில் வேலை கொடுத்துவிட்டார்கள். கிரேஸுக்கு நன்றி தாங்கவில்லை. டிசம்பரில் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள்.

"பொட்டி தூக்கின மனுஷனப் பனிமலை மேல தூக்கி வெச்ச தேவனுக்கு ஸ்தோத்திரம்."

அவள் அழுதுகொண்டே சொன்னதில் சபையே அழுதது. பாஸ்டர் ஐயாவுக்கு அது ரொம்பவும் பிடித்துப்போய், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரப் பண்டிகையில் அதையே மைக்கில் சொல்லச் சொல்லியிருந்தார்.

இப்போது அந்தச் சாட்சியே பொய் என்றால்? புருஷன் பொய் சொன்னால் அவனோடு சண்டை போடலாம். பலிபீடத்துக்கு முன்னால், அதுவும் மைக்கில், தானே பொய் சொல்லிவிட்டால் யாரோடு சண்டை போடுவது?

மாலையில் ஜெரால்ட் அழைத்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, இன்னா இப்படிக் கறுத்துட்டீங்க?"

"வெயிலு பனில பட்டு மூஞ்சில அடிக்குது கிரேசு. இங்க எல்லாரும் கிரீம் பூசிக்கினுதான் திரியுறாங்க."

"குளிருக்குக் கிரீமாம்" என்று பக்கத்திலிருந்து முணுமுணுத்தாள் குணசுந்தரி.

வேறு நல்ல படமாக அனுப்பச் சொன்னாள் கிரேஸ். அவனும், பாவம், மலைமேல் கம்பியில் தொங்கிப்போகும் நாற்காலியில் உட்கார்ந்து வீடியோ எடுத்து அனுப்பினான். குணசுந்தரி அதைப் பொருட்காட்சி ராட்டினம் என்றாள்.

சரி, வெள்ளைக்காரர்களோடு ஒரு படம் வேண்டும் என்றாள் கிரேஸ். அன்று சமையலறை ஆட்களுக்கு ஜெரால்டே சமைத்துப் போட்டிருந்தான். தட்டுத் தட்டாகக் கோழி பிரியாணி, ஓரத்தில் வெங்காயப் பச்சடி. உட்கார்ந்திருந்த பத்துப் பேரில் ஒருவன்கூடப் படத்துக்காகத் தலையை நிமிர்த்தவில்லை. அவ்வளவு ருசி.

"பிரியாணி தெரியுது. வெள்ளக்காரன் எங்க?" என்றாள் குணசுந்தரி.

வெள்ளிக்கிழமை கிரேஸுக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏங்க, அந்த நீல ஜாக்கெட்டு எங்க? முழங்கையில நான் செவப்பு நூலுல தெச்சுக் குடுத்தனே. அதப் போட்டுக்கினு பனில நில்லுங்க."

ஜெரால்ட் விழித்தான். "அத... ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"அது ஒரு ஆளு. உடேன்."

"சரி, உடறேன். நாளைக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போயி நானே பாத்துக்கினு வரேன். அப்பதான் எல்லாரும் வாய மூடுவாங்க."

"வேணாம் கிரேசு. அங்க மட்டும் போவாத. நான் வந்து எல்லாத்தையும் சொல்றேன்."

இதைவிட நல்ல ஆதாரம் குணசுந்தரிக்கே கிடைத்திருக்காது. அன்றிரவு கிரேஸ் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை திருவள்ளூரில் ஏறி, செங்குன்றத்தில் பஸ் மாறினாள். சோழவரம் வரைக்கும் ஜெபித்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் திட்டிக்கொண்டு போனாள். கம்பெனி வாசலில் காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார். நேராகப் போய்க் குளிர்கிடங்கின் கனத்த கதவை இரண்டு கையாலும் இழுத்தாள்.

வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. உள்ளே எங்கோ மெஷின் உய்யென்று ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிகளுக்கு நடுவே முதுகைக் காட்டியபடி ஓர் ஆள் நின்றிருந்தான். நீல ஜாக்கெட். முழங்கையில் சிவப்பு நூல். அவளே போட்ட கோணல் தையல்.

"வாங்க வெளிய" என்றாள் கிரேஸ். அதற்குமேல் அழுகைதான் வந்தது. "நாளைக்கு மைக்குல நான் இன்னான்னு சொல்றது? நீங்களே வந்து சொல்லுங்க."

அந்த ஆள் திரும்பினான். குரங்குக் குல்லாவும் மப்ளரும் போக மிச்சம் இருந்தவை இரண்டு கண்கள். அவை ஜெரால்டின் கண்கள் அல்ல.

"அழாதீங்க அண்ணி. அண்ணன் மலையிலதான் இருக்காரு. போறப்ப இந்த வேலைய எனக்குச் சொல்லி வாங்கிக் குடுத்து, ஜாக்கெட்டையும் போட்டுவுட்டுட்டுப் போனாரு. ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் அவர."

கிரேஸ் அந்தக் குளிரிலேயே முழங்கால் போட்டாள். நல்ல மனுஷனைக் கொடுத்ததற்கு ஒரு ஸ்தோத்திரம், அவனைச் சந்தேகப்பட்டதற்கு ஒரு மன்னிப்பு, மறுபடி ஒரு ஸ்தோத்திரம். நாளைக்கு மைக்கில் இரண்டு மடங்கு சத்தமாகச் சொல்வதாக ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தாள். எழுந்தபோது உடம்பெல்லாம் நடுங்கியது, மனது மட்டும் கதகதவென்று இருந்தது.

அப்போது மணி சரியாகப் பதினொன்று. அந்த ஆளின் கைப்பேசி அடித்தது. அவன் அவசரமாக மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு, உறைபனி படிந்த வெள்ளைச் சுவரோரமாகப் போய் நின்றான்.

"கதவக் கொஞ்சம் சாத்துங்க அண்ணி" என்றான். "எங்கம்மா கனடாவுக்குப் போன் பண்ற நேரம்."