நழுவாத கவ்வி

"இது யாரோடது?"

மகளின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜை முன் நின்றிருந்தார் டிசைனர். கையில் ஒரு நீல நிற மெக்கானிக்கல் பென்சில். எதிர்க் கம்பெனியின் பென்சில்.

"என்னோடதுதான்" என்றாள் மகள், ஷூ லேஸிலிருந்து தலையை நிமிர்த்தாமல். வயது பதின்மூன்று.

"நம்ம கம்பெனிப் பென்சில் எங்கே?"

"அதுவும் இருக்கே, மேல் தட்டுல. நீங்க திறந்தா கண்ணுல படற மாதிரி வெச்சிருக்கேன்."

"அதுல எழுதறதில்லையா?"

"எழுதலாம்ப்பா. ஆனா பேப்பர்ல வெச்சு அழுத்தினா லெட் வெக்கப்பட்டுக்கிட்டு உள்ளே போயிடுது. காம்பஸ்ல மாட்டி வட்டம் போட்டா பாதியிலேயே காணாமப் போயிடும். கணக்கு மிஸ் எனக்கு அரைவட்டம்னே பேர் வெச்சிருக்காங்க."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "நான்தான் வாங்கிக் குடுத்தேன். தெரிஞ்சா நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லலை."

"எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷமாவா!"

"கத்தாதீங்க. ஃப்ரிட்ஜ் மேல என்னோடது ஒண்ணு இருக்கு. அதையும் பார்த்துட்டு மொத்தமா கத்திடுங்க."

டிசைனர் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்துவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அவர் கம்பெனிப் பென்சிலின் உயிர் அவர் வரைந்தது. பின்னால் உள்ள பட்டனை அமுக்கினால், உள்ளே அரிசி அளவில் இருக்கும் ஒரு பித்தளைக் கவ்வி முன்னால் நகரும். அதற்கு மூன்று விரல்கள். அவற்றைச் சேர்த்து இறுக்க மேலே ஒரு சின்ன வளையம். லெட்டைப் பிடித்தபடி கொஞ்சம் முன்னே வரும். வளையம் ஓரிடத்தில் தட்டி நின்றதும் விரல்கள் விரிந்து லெட்டை விட்டுவிடும். பட்டனை விட்டதும் ஸ்பிரிங் இழுக்க, வெறுங்கையோடு பின்னே போய் மறுபடி பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் விரல்களுக்கு நடுவே உள்ள துளை ஒரு முடியளவு பெரிதாகப் போனாலும் பிடி நழுவும்.

நழுவியது. மூன்று வருடமாக நழுவிக்கொண்டிருந்தது. புகார் வரும்போதெல்லாம் அவர் வரைபடத்தைத் திருத்திக் கீழே தொழிற்சாலைக்கு அனுப்புவார். இதுவரை பதினான்கு முறை. பதினான்கு முறையும் அதே புகார் திரும்பி வந்தது. அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'நழுவல்'. முதுகுக்குப் பின்னால் என்பதுகூட ஒரு மரியாதைக்குச் சொல்வது. அவர் முன்னாலேயே இரண்டு பேர் வாய் தவறிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போன மாதம் மீட்டிங்கில் முதலாளியம்மா, "உங்க வீட்டுலயாவது நம்ம பென்சில் எழுதுதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்த அவர் வாய், "என் பொண்ணு அதைத் தவிர வேற எதையும் தொடமாட்டா மேடம்" என்று சொல்லிவிட்டது.

"அப்படியா? அப்ப வியாபாரிங்க கூட்டத்துக்கு அவளைக் கூட்டிட்டு வாங்க. மேடையில எழுதிக் காட்டட்டும்."

கூட்டம் இன்றைக்குப் பத்து மணிக்கு. மேடையில் லெட் உள்ளே போனால் அவர் வெளியே போக வேண்டியதுதான். இப்போது மணி எட்டு.

டிசைனர் இரண்டு பென்சில்களையும் மேஜைமேல் வைத்துக் கழற்ற ஆரம்பித்தார். எதிர்க் கம்பெனியின் கவ்வியை எடுத்துத் தன் கம்பெனிக் கூட்டுக்குள் மாட்டிவிடுவது. வேறு வழியில்லை. ஸ்பிரிங் துள்ளிப் பறந்து மனைவியின் டீ டம்ளரில் விழுந்தது. அவள் கரண்டியால் அதை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "சர்க்கரை போட்டாச்சு" என்றாள்.

கவ்வி பிசிறில்லாமல் பொருந்தியது. மரைகூட அச்சாக உட்கார்ந்தது.

"பாவிங்க! ஒரு அளவைக்கூட விடாம நம்மகிட்டேருந்து திருடியிருக்கானுங்க."

"திருடும்போது அடுத்தவங்களைத் திட்டாதீங்க. கை நடுங்கும்" என்றாள் மனைவி.

கூட்டத்தில் எண்பது பேர் இருந்தார்கள். மகளை மேடை ஏற்றி, அவள் எழுதுவது பெரிய திரையில் தெரியும்படி கேமரா வைத்திருந்தார்கள். என்ன எழுத வேண்டும் என்பதை முதலாளியம்மாவே சொன்னாள்: 'இது என் அப்பா செய்த பென்சில்.'

மகள் ஒரு கணம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். அவள் எழுதினாள். எழுத்து முத்து முத்தாக விழுந்தது. பிறகு காம்பஸை எடுத்து, யாரும் கேட்காமலேயே ஒரு வட்டம் போட்டாள். முழு வட்டம். எண்பது பேரும் கை தட்டினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். முன்வரிசையில் இருந்த பெரிய மொத்த வியாபாரி எழுந்து வந்தார். வாழ்க்கை முழுக்கப் பெட்டிகளைத் தூக்கியே வளர்ந்த கட்டைவிரல் அவருக்கு. "குடும்மா" என்று பென்சிலை வாங்கி, பேப்பரில் வைத்து, சுவரில் ஆணி அழுத்துவதுபோல் அழுத்தினார். லெட் முறிந்தது. உள்ளே போகவில்லை.

"அடேங்கப்பா! நழுவலையே!"

யாரோ பின்வரிசையில், "நழுவல் சார் ஜெயிச்சுட்டாரு" என்றார்கள்.

"இதே மாதிரி ஐம்பதாயிரம் எனக்கு வேணும்" என்றார் மொத்த வியாபாரி. "இதே மாதிரின்னா இதே மாதிரி. கடையில இருக்கறது மாதிரி இல்லை."

முதலாளியம்மா டிசைனரைப் பார்த்தாள். "இது மட்டும் எப்படி?"

"கவ்வியில… ஒரு சின்ன மாற்றம் பண்ணிப் பார்த்தேன் மேடம்." பாதி உண்மை. மாற்றினார்தான்.

"பிரமாதம். இதைப் பரிசோதனைப் பிரிவுக்கு அனுப்புங்க. பிரிச்சு அளவெடுத்து இதே மாதிரி செய்யட்டும். நாளைக்கு மூணு மணிக்கு இவரும் வருவாரு, எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்."

பென்சில் ஒரு கவருக்குள் போய், கவர் ஒரு தட்டில் ஏறி, கீழ்த்தளத்துக்குப் போய்விட்டது. டிசைனரின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக் கை குலுக்கினார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது மகள் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நான் மேடையில பொய் சொன்னேனா?"

"நீ எங்கம்மா சொன்னே? எழுதத்தானே செஞ்சே."

"அப்ப அது எழுதின பொய்யா?"

அவர் பஸ் டிக்கெட்டை எட்டாக மடித்தார். அதற்குமேல் மடிக்க வரவில்லை. மகள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் மதிய உணவு மணி அடித்ததும் அவர் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். பரிசோதனைப் பிரிவு என்பது ஒரு நீளமான அறை. அதன் ராணி பூதக்கண்ணாடி அக்கா. இருபது வருடமாக ஒரு பெரிய கண்ணாடிக்கு அடியில் கவ்விகளைப் பார்த்துப் பிரித்துப் பிரித்து, சாதாரணமாக ஆளைப் பார்க்கும்போதும் ஒரு கண்ணைச் சுருக்கியே பார்ப்பவள். சாப்பிடப் போயிருந்தாள்.

அவள் மேஜையில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். இரண்டிலும் குவியலாகக் கவ்விகள். காலை ஷிஃப்டுக்கு ஒன்று, மாலை ஷிஃப்டுக்கு ஒன்று போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சுவரில் அவர் வரைந்த வரைபடம் ஒட்டியிருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய முதல் வரைபடம், பழுத்துப்போய். பழசைக் கிழிக்கக்கூடச் சோம்பல் இவர்களுக்கு.

கவரிலிருந்து பென்சிலை எடுத்தார். எதிர்க் கம்பெனிக் கவ்வியைக் கழற்றி ஒரு லெட் டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்தார். கைக்கு அருகில் இருந்த மஞ்சள் தட்டிலிருந்து ஒரு கவ்வியை எடுத்து உள்ளே மாட்டினார். கணக்கு சுலபம்: மூன்று மணிக்குப் பென்சில் நழுவும். 'அந்த ஒரு தடவை சரியா வந்துச்சு மேடம், இன்னும் கொஞ்சம் டைம் வேணும்' என்று சொல்லிவிடலாம். திட்டு விழும். திட்டு அவருக்குப் பழக்கம்தான்.

மூன்று மணிக்கு மொத்த வியாபாரி தன் கட்டைவிரலோடு வந்தார். முதலாளியம்மா, அக்கா, டிசைனர் எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். வியாபாரி பென்சிலைப் பேப்பரில் வைத்தார். அழுத்தக்கூட இல்லை. லெட் சரக்கென்று உள்ளே போனது.

"என்னம்மா இது? நேத்து சிங்கம் மாதிரி நின்னுச்சு. இன்னிக்குப் பொந்துக்குள்ள ஓடுது?"

டிசைனர் தயாராக வைத்திருந்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா பென்சிலைப் பிரித்துக் கவ்வியைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"மேடம், நேத்து சாயங்காலம் நான் பார்த்த கவ்வி இது இல்லை. அது முதல் தரம். இது வேற. யாரோ மாத்தியிருக்காங்க."

இதை அவர் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

"யாரோன்னா யாரு?" முதலாளியம்மாவின் குரல் இறுகியது. "நேத்துலேருந்து இது உங்க மேஜையிலதானே இருந்துச்சு?"

"ஆமா மேடம்."

"இந்த ரூமுக்கு சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான். ஆனா சாப்பாட்டு நேரத்துல நான் பூட்டறதில்லை."

"புது டிசைன் ஒண்ணு ஒரே ராத்திரியில காணாமப் போகுது. பொறுப்பு உங்களோடது. யாருக்கு வித்தீங்க?"

அக்கா கண்ணாடியை ஒரு துணியால் துடைத்தாள். மேஜைக்கு அடியிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்து, ஸ்பூன், தண்ணீர் பாட்டில், மூக்குக் கண்ணாடிக் கூடு என்று ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். இருபது வருடம் அந்தச் சின்னப் பையில் அடங்கிவிடும் போலிருந்தது.

டிசைனரின் சட்டைப் பையில் லெட் டப்பா கனத்தது. அரிசி அளவுப் பித்தளை. கொஞ்சம் நகர்ந்தால் கிலுகிலுத்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவர் நினைவில் ஓடியது அந்த எழுதின பொய். இப்போது வாயைத் திறக்காவிட்டால் இது எழுதாத, சொல்லாத பொய். அதற்கு மகள் என்ன பெயர் வைப்பாளோ.

"மேடம், மாத்தினது நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"மத்தியானம் மாத்தினதும் நான்தான். அதுக்கு முன்னாடி நேத்துக் காலையில மாத்தினதும் நான்தான்." டப்பாவைத் திறந்து கவ்வியை உள்ளங்கையில் கொட்டினார். கை நடுங்கியது. மனைவி சொன்னது சரிதான். "நேத்து மேடையில எழுதினது இது. இது நம்மளோடது இல்லை. எதிர்க் கம்பெனிப் பென்சில்லேருந்து கழட்டினது."

வானம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை. முதலாளியம்மா மொத்த வியாபாரியைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் குடித்தாள்.

"சரி விடுங்க. இதை நாம அப்புறம் தனியா பேசலாம்" என்றாள், எப்போதும் இல்லாத மெல்லிய குரலில்.

அந்தக் கருணைதான் அவரைக் கொன்றது. நாலு திட்டு திட்டியிருந்தால் தலை குனிந்து நின்றுவிட்டுப் போயிருப்பார்.

"இல்ல மேடம், இவங்க முன்னாலயே சொல்லிடறேன். எனக்கு நழுவாத கவ்வி ஒண்ணு செய்யத் தெரியலை. பதினாலு தடவை திருத்தியும் தெரியலை. என் பொண்ணு மூணு வருஷமா அவங்க பென்சில்லதான் எழுதறா. என் மனைவியும் அதுலதான் எழுதறா. எனக்குத் தெரிஞ்சா அவமானமா இருக்கும்னு மறைச்சு வெச்சு எழுதியிருக்காங்க. என் வீட்டுலேயே என் பென்சில் எழுதலை. அந்தக் கம்பெனியில இருக்கற டிசைனர் யாரோ, அவன் கால்ல விழுந்து கத்துக்கணும் நான்."

"போதும்னு சொல்றேன்ல!" முதலாளியம்மா மேஜையைத் தட்டினாள். நீலத் தட்டும் மஞ்சள் தட்டும் ஒருமுறை குதித்து அடங்கின.

மொத்த வியாபாரி, "அவரைப் பேச விடுங்கம்மா, நல்லா இருக்கு" என்றார்.

பேச இனி ஒன்றும் இல்லை. கவ்வியைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, டிசைனர் கதவை நோக்கி நடந்தார்.

"சார், நில்லுங்க."

பூதக்கண்ணாடி அக்கா பையைத் தோளில் மாட்டியபடியே குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி அந்தக் கவ்வியைப் பார்த்தாள். நிமிர்ந்து சுவரில் இருந்த பழைய வரைபடத்தைப் பார்த்தாள். கடைசியாக முதலாளியம்மாவைப் பார்த்தாள். வேலையை விட்டுப் போகிறவளின் பார்வை அது, பயமில்லாதது.

"யார் கால்லயும் விழாதீங்க சார், இது நீங்க வரைஞ்ச கவ்விதான், மூணு வருஷமா நழுவாததையெல்லாம் நீலத் தட்டுல போட்டு அந்தக் கம்பெனிக்கு வித்துட்டு, மஞ்சள் தட்டுல மிஞ்சுற கழிவை வெச்சுத்தான் நம்ம பென்சிலைச் செய்யறோம்."