யல்லா அண்ணன் கெடுத்த ஆராய்ச்சி

யல்லா அண்ணன் ‘யல்லா’ சொல்லாமல் வளைகுடாவில் ஒரு துரும்பும் அசைந்ததில்லை. அரபியில் ‘ம், கிளம்பு’ என்று அர்த்தம். ஓடாத ஏசிக்கு ஒரு யல்லா, வேகாத சோற்றுக்கு ஒரு யல்லா. காய்ச்சல் வந்தபோது தெர்மாமீட்டரைக்கூட அப்படித்தான் விரட்டினார். சொந்த ஊர் தொண்டிப் பக்கம். வேலை உம்மல் குவைன் கடலோரத்தில் ஒரு மீன் பண்ணையில்.

வளைகுடாவிலேயே ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் நான் அங்கே ஆராய்ச்சிக்குப் போனேன். கூட வரவேண்டியவர்கள் வெயிலுக்குப் பயந்து ஊருக்குப் பறந்துவிட்டார்கள். பேராசிரியை எப்போதாவது போனில் வருவார். மற்றபடி நானும், ஹமூர் என்று இங்கே சொல்லும் களவா மீன்களும்தான். பேச ஆளில்லாமல், உப்பு அளக்கும் மீட்டரிடம் குசலம் விசாரிக்கும் நிலைக்கு வந்திருந்தேன்.

மிஞ்சும் தீவனம் தண்ணீரைக் கெடுக்கும். அதைக் குறைக்க வழி தேடுவதுதான் ஆராய்ச்சி. பாதித் தொட்டிகளுக்கு இப்பகுதி மீனவர்களின் பழைய வழக்கம்: கடல் ஏறும் வேளை பார்த்து, விளிம்பைத் தட்டி அழைத்து, கையால் இரை போடுவது. மீதிக்கு சென்சார் வைத்த மெஷின். இரண்டிலும் நல்லதை எடுத்துச் சேர்ப்பது திட்டம். சரியாக முடித்தால் பேராசிரியையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு இடம்.

கையால் போடுவது அண்ணன் வேலை. அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

“மெஷின் தொட்டிப் பக்கம் போகாதீங்கண்ணே. தட்டாதீங்க, பேசாதீங்க.”

“அச்சா தம்பி. கலாஸ், பேச்சு முடிஞ்சுது.”

கோடை முடியும்போது பார்த்தால் எல்லாத் தொட்டியிலும் மிஞ்சிய தீவனம் ஒரே கணக்கு. சந்தேகப்பட்டு ஒரு மதியம் சொல்லாமல் போனேன். மெஷின் தீவனத்தைத் தூவிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அண்ணன் விளிம்பைத் தட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

“யல்லா, எல்லாரும் வாங்க. டேய் பெரியவனே, அவனுக்கும் வழி விடுறா.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “மொத்தமும் போச்சுண்ணே. ஏன் இப்படிப் பண்ணீங்க?”

“இதுகளைச் சாப்பிட யாரும் கூப்பிடலையே தம்பி. மெஷினு பாட்டுக்குக் கொட்டிட்டு நிக்குது. ரூம்ல எல்லாருக்கும் வேற வேற டூட்டி. நான் வந்து தட்டை வச்சா எதுத்தாப்புல செவுருதான். தொண்டையில எறங்காது. இதுகளுக்கும் அது எதுக்கு?”

பேராசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். “அப்ப இந்த டேட்டா உதவாது” என்றார். ஆய்வுக்கூடத்து இடம் வேறொருவருக்குப் போனது.

அண்ணன்மேல் வந்த கோபத்தை ஒரு வாரமாவது வைத்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அன்று மாலையே அவர் என் அறைக் கதவைத் தட்டினார்.

“மீன் கொழம்பு வச்சிருக்கேன். தட்டை எடுத்துக்கிட்டு வா தம்பி.”

ஆராய்ச்சி கெட்டது, போகட்டும். அந்தக் கோடையில் என்னைச் சாப்பிடக் கூப்பிட ஒரு ஆள் இருந்தார்.