மூன்று முறை விற்ற சுரைக்காய்

ஒரு சுரைக்காயை நம்பி, நன்றாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணியை ராஜினாமா செய்ய வைத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் தெரியவந்தால் என்மேல் உங்களுக்கு இருக்கும் மதிப்பு சட்டென்று சரியும். இப்போதே தரையில் இருந்தால் சரிய இடமில்லை.

என் வேலை தர ஆய்வு. பெங்களூரில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குக் கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து ரயிலில் போய்வருகிறேன். எந்த உலோகம், எங்கே வார்த்தது, யார் சோதித்தது என்ற காகிதம் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட உள்ளே விடமாட்டேன். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்ததும் எப்படி இப்படி ஆனாள் என்பதுதான் விஷயம்.

எங்கள் சபையில் வருடா வருடம் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் வீட்டில் விளைந்தது, சமைத்தது, வளர்த்தது எதையாவது கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம். பணம் சபைக்கு. அந்த வருடம் குளியலறைச் சுவரோரம் ஒரு பையில் நான் வைத்த கொடியில் காய்த்த ஒரே ஒரு சுரைக்காயைக் கொண்டுபோனேன். ஏலம் விடுபவர் சாமுவேல் அங்கிள். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் பாறை அரைக்கும் மில்லில் வேலை செய்தவர். அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல், மைக் தேவையில்லை.

"பியூலா வூட்டு சுரைக்கா! மருந்து கெடயாது, மாயம் கெடயாது! எவ்ளோ?"

எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளியிருக்கும் ரோசி ஆன்ட்டி ஐந்நூறுக்கு எடுத்தார். எடுத்த கையோடு, "திருப்பி வுடுங்க அங்கிள்" என்றார். காயைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அடுத்தவர் எழுநூறு. அவரும் திருப்பி விட்டார். கடைசியாக ஆயிரத்துக்குப் போனது.

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். சுரைக்காய்: விற்பனை மூன்று. சராசரி விலை எழுநூற்று முப்பத்து மூன்று.

(ஆமாம். மூன்று என்றுதான் எழுதினேன். என் பட்டப்படிப்புச் சான்றிதழ் அசல்தான்.)

நான் பேராசைக்காரி அல்ல. பாதுகாப்புக்காக எல்லா விலையையும் பத்தால் வகுத்தேன். அப்போதும் லாபம் வந்தது. கத்திரி, தக்காளி, வெண்டை, சுரை என்று நான்கு தாள்களில் கணக்கு விரிந்தது. மருந்தில்லாத காய்க்கு நம் ஜனங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பார்கள் என்பது என் கள ஆய்வின் முடிவு. களம் என்பது கோயில் வளாகம் என்பதை நான் குறையாகவே நினைக்கவில்லை.

நிலத்துக்கு மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் எங்கள் வீட்டுப் பின்பக்கமும், அதை ஒட்டிய கிரேஸ் அக்கா வீட்டுப் பின்பக்கமும் போதும். ஆளுக்கு, கிரேஸ் அக்காவே. அவர் பெங்களூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தார். என்னோடு அதே ரயிலில் வருவார். புருஷன் இல்லை. மகள் ஷைனி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு முழுவதும் இந்த ஒரு சம்பளத்தில் நின்றது. இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒருநாள் ரயில் பங்காரப்பேட்டை வருவதற்குள் பேசி முடித்தேன்.

"உங்க சம்பளத்துக்கு ஒண்ணரை மடங்கு வரும் அக்கா."

"இன்னா பியூலா, கத்திரிக்கா வித்தா?"

"இயற்கை முறையில அக்கா. மருந்தே இல்லாம."

"எங்க வூட்ல வெச்சது எல்லாமே மருந்து இல்லாமதான். மருந்து வாங்க துட்டு இருந்தாதானே." சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்புறம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணு. கணக்கு பாத்துதானே சொல்ற?"

"நல்லா பாத்துட்டேன் அக்கா."

அடுத்த மாதம் வேலையை விட்டார்.

உழைப்பு முழுக்க அவருடையது. அறிவுரை முழுக்க என்னுடையது. பாத்தி எத்தனை அடி, செடிக்குச் செடி எத்தனை விரற்கடை என்று ரயிலில் உட்கார்ந்துகொண்டு போனில் அனுப்புவேன். பஞ்சகவ்யம் தயாரிக்க சாணம், கோமியம், பால், தயிர், நெய், போதாததற்கு வெல்லமும் வாழைப்பழமும் வாங்கினேன். நெய்யைக் கண்டதும் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

"எனக்கு ஒரு நெய் தோசை கேட்டா கொழுப்பு ஏறிடும்ன. உன் கத்திரிக்காய்க்கு ஏறாதா?"

ஃபிரிட்ஜ் கதவில் ‘பூமிக்கு நன்மைகள்’ என்று தலைப்பிட்டு ஒரு பட்டியல் ஒட்டியிருந்தேன். அது நாளுக்கு நாள் இளைத்தது. தொலைதூர லாரிப் போக்குவரத்து இல்லை என்று எழுதியிருந்தேன். ஆனால் சாண எரு பங்காரப்பேட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டெம்போவில் வந்தது. நீர் சிக்கனம் என்று எழுதியிருந்தேன். குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வமான எங்கள் வரிசையில் டேங்கர் வந்து நின்றது. பிளாஸ்டிக் குறையும் என்று எழுதியிருந்தேன். நாற்பது பிளாஸ்டிக் பைகளில் தக்காளி நின்றது. ஒருநாள் அப்பா துவைத்த சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துவந்து நீட்டினார்.

"பூமிக்கு நல்லதுன்ன. டேங்கர் புகையில என் சட்ட பூமி கலர் ஆயிடுச்சி."

ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது: ‘விஷம் கிடையாது’. அதையாவது யாராலும் அசைக்க முடியாது என்று நினைத்தேன்.

காய் வந்தது. அதைச் சொல்ல வேண்டும். கிரேஸ் அக்காவின் கைக்குக் கத்திரிக்காய் கொத்துக் கொத்தாக வந்தது. பாஸ்டரிடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கோயில் கேட் அருகே மேசை போட்டோம். கிரேஸ் அக்கா கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஷைனிக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய மாதம் அது. நான் தராசு, விலைப் பலகை, வாங்குபவர் பெயரும் எடையும் எழுத ஒரு நோட்டு எல்லாம் கொண்டுவந்திருந்தேன்.

ரோசி ஆன்ட்டிதான் முதலில் வந்தார். பலகையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"கத்திரிக்கா கிலோ நூத்தி இருபதா? இன்னாம்மா, உள்ள தங்கம் கீதா?"

பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. நான் நிதானம் இழக்கவில்லை. என்னிடம் ஆதாரம் இருந்தது.

"ஆன்ட்டி, இதே இடத்துல ஒரு சுரைக்காய்க்கு நீங்க ஐந்நூறு குடுத்தீங்க."

"அது ஆண்டவருக்குக் குடுத்ததும்மா. நீ இன்னா ஆண்டவரா?"

"மத்தவங்க எழுநூறு, ஆயிரம் குடுத்தாங்களே? மூணு சுரைக்காய் போச்சே?"

"எங்க மூணு? ஒரே காய்தானே! நான் திருப்பி வுட்டேன், அவங்க திருப்பி வுட்டாங்க. நான் எங்க சாப்ட்டேன்?"

கூட்டம் இந்த முறை சத்தமாகச் சிரித்தது. நான் கிரேஸ் அக்காவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பியூலா," என்றார் மெதுவாக. "ஒரே காய மூணு தபா எழுதிகினியா? அந்தக் கணக்க வெச்சிதான் என்ன வேலைய வுடச் சொன்னியா?"

பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் விலைப் பலகையை எடுத்து மேசைக்கடியில் போட்டார். முந்தானையை இழுத்துச் செருகினார். "வாங்க வாங்க, கிலோ நாப்பது! காலையில பறிச்சது! ரோசிக்கா, தொட்டுப் பாருங்க, எவ்ளோ பிஞ்சு!" அரை மணி நேரத்தில் கூடை பாதியானது. நான் எடை போட்டுப் பெயர் எழுதினேன். எனக்குத் தெரிந்த வேலை அது மட்டும்தான் என்று அப்போது புரிந்தது.

சாமுவேல் அங்கிள் ஒரு கத்திரிக்காயைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"நல்லா கீதும்மா. எங்க வெச்ச?"

"வீட்டுப் பின்னாடி அங்கிள்."

"பின் செவுத்துக்கு அந்தாண்ட இன்னா கீது?"

கோலார் தங்கவயலில் இந்தக் கேள்விக்குச் சிறு குழந்தையும் பதில் சொல்லும். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண். மலை மலையாக நிற்கும் சைனைடு மண்.

"மில்லு மண்ணு அங்கிள்."

"காத்தடிச்சா அது எங்க வந்து வுழும்?"

"நம்ம வீட்டுலதான்."

"மண்ண டெஸ்ட் பண்ணியா?" அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. "நீ டெஸ்டிங் வேலதானே செய்ற?"

என் தொழிற்சாலையில் காகிதம் இல்லாத பெட்டியில் சிவப்பு அட்டை கட்டி, ‘ஹோல்டு’ என்று ஓரமாக நிறுத்தி வைப்பேன். அறிக்கை வரும்வரை அதை முதலாளியே தொடக் கூடாது. ஏற்கெனவே வெளியே போயிருந்தால் திருப்பி வரவழைக்க வேண்டும். இங்கே பதினோரு வீடுகளுக்குப் போயிருந்தது. பெயரும் எடையும் நோட்டில் இருந்தன. காசை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பத்து வீடுகளில் பிரச்சினை இல்லை. காயைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு, என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்கள். பதினோராவது, ரோசி ஆன்ட்டி வீடு. வாசலிலேயே கருவாட்டுக் குழம்பு மணத்தது. நான் செருப்பைக் கழற்றும்போது குக்கர் ஒரு விசில் அடித்தது.

"ஆன்ட்டி, அடுப்ப அணைங்க!"

"இன்னும் ரெண்டு விசில் வரணும்மா."

"வேணாம் ஆன்ட்டி. அந்தக் கத்திரிக்காய் ஹோல்டுல இருக்கு."

"அது குக்கர்ல கீது!"

நான் அடுப்பை அணைத்தேன். ஆவி அடங்கக் காத்திருக்கப் பொறுமையில்லை. கோயிலுக்குப் போட்டிருந்த துப்பட்டாவைச் சுற்றி, குக்கரோடு தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னாலேயே ரோசி ஆன்ட்டி. "கத்திரிக்காய எடுத்துகினு போ, கருவாட்ட குட்த்துட்டுப் போ!" ஆராதனை முடிந்து வீடு திரும்பிய மொத்த வரிசையும் வாசலில் நின்று பார்த்தது. நாய் ஒன்று எங்கள் வீடுவரை கூடவே வந்தது.

கிரேஸ் அக்கா பின்பக்கம் பாத்தி ஓரமாக உட்கார்ந்திருந்தார். புடவை மாற்றவில்லை. நான் குக்கரைக் கீழே வைத்தேன்.

"எல்லாத்தையும் திருப்பி வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன் அக்கா."

"என் வேலையயும் அந்த மாதிரி போய் வாங்கிகினு வரியா?"

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். சூப்பர்வைசர் மரியாதையாகவே பேசினார். அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள், வேறு இடம் காலியில்லை என்றார். திரும்பும் ரயிலில் பட்டியல் எதுவும் எழுதவில்லை.

பாத்தி வாரியாக மண் எடுத்து, பெயர் எழுதி, ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். அறிக்கை வரும்வரை ஒவ்வொரு செடியிலும் சிவப்பு அட்டை கட்டினேன். கத்திரிக்காய் எங்கள் கண் முன்னாலேயே மஞ்சளாகி, சுருங்கி, விழுந்தது. கிரேஸ் அக்கா தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஷைனியின் கல்லூரிப் பணத்தை நான் கட்டினேன். மாதாமாதம் என் சம்பளத்தில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் முறை வாங்கும்போது அவர் சொன்னார்: "உதவின்னு நெனச்சிக்காத. இது ஃபைன்." நானும் அபராதம் என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

அறிக்கை வந்தது. பின் சுவரை ஒட்டிய பாத்தியில் உண்ணும் பயிர் வைக்க வேண்டாம், மற்றவை சரி. சாமுவேல் அங்கிள் சரியாகத்தான் கேட்டிருந்தார். சுவரோரம் இப்போது கனகாம்பரம் பூக்கிறது.

நான் புதிதாக ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தபோது கிரேஸ் அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "இனிமே கணக்கு நான் போடறன்." அவருடைய கணக்கில் நெய் இல்லை, டெம்போ இல்லை, டேங்கர் இல்லை. நான்கு வாரத்துக்குள் அறுக்கிற கீரை மட்டும். எருவுக்கு எங்கள் வரிசையின் காய்கறிக் கழிவு. தண்ணீருக்கு அரிசியும் காயும் கழுவியது. கடைக்காரர் விலையேதான், ஆனால் அறுத்த ஈரத்தோடு நடந்துபோய் வாசலில் கொடுப்பார். ‘இயற்கை’ என்ற சொல்லே அவர் வாயில் வராது. யாராவது மண்ணைப் பற்றிக் கேட்டால் கூடைக்கடியிலிருந்து லேமினேஷன் செய்த அறிக்கையை எடுத்து நீட்டுவார். நான் எழுதிய நன்மைகள் எல்லாம் நான் ஒதுங்கிய பிறகுதான் அந்தத் தோட்டத்துக்கு வந்தன. பழைய சம்பளம் அளவுக்கு வருவதில்லை. முக்கால் பங்கு வருகிறது, மீதியை, ரயிலுக்கு ஓடாமல் விடியும்வரை தூங்கி எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஷைனி படிப்பை முடித்துவிட்டாள்.

ஆனால் என்னை விடுவதாக இல்லை. எங்கள் வரிசையில் எந்த வீட்டில் குக்கர் முதல் விசில் அடித்தாலும் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: "பியூலா வரா, குக்கர ஒளிச்சி வை!" போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். எல்லோரும் அமைதியாக, மரியாதையாக உட்கார்ந்திருந்த நேரத்தில் அடுப்படியில் விசில் வந்தது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்பா கூரையைப் பார்த்தார். உதவிக்கு வந்திருந்த கிரேஸ் அக்காவால் அடக்க முடியவில்லை. அடுப்படி வாசலில் வந்து நின்று, கரண்டியும் கையுமாக, முழுக்கதையையும் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அக்கா சொல்லும்போது விசில் நான்காகிவிட்டது, ஒரு நாய்க்கு மூன்று நாய், ரோசி ஆன்ட்டி கையில் துடைப்பம். மூன்றும் தவறு. தகவல் பிழையைக் கண்டால் சும்மா இருக்க முடியாத எனக்கு, திருத்தங்கள் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிக்கொண்டேன். அந்தக் கதைக்கு விலை கொடுத்தவர் அவர். எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும்.