சட்டுனுவுக்கு வந்த போட்டி

“இன்னா பொன்மலரு, உன் ஷேரு கீழ போய்ட்டுதாமே?”

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மெஷின் அமிர்தவள்ளி இப்படிக் கேட்ட நாளிலிருந்து, பொன்மலர் தைக்கிற ஷூவெல்லாம் கோணலாகவே வந்தது.

ஷேரில் போட்ட பணம், ஆம்பூர் ஷூ கம்பெனி கொடுத்த போனஸ். குளியலறை கட்ட வைத்திருந்தது. கணவன் ஜெபசீலன்தான் தன் போனிலிருந்து, வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தரும் ‘சட்டுனு’ கம்பெனி ஷேரில் போட்டுவைத்தான். இப்போது ‘பட்டுனு’ என்று இன்னொரு கம்பெனி, கொண்டுவரும் கூலியே வாங்காமல் ஊருக்குள் நுழைந்துவிட்டது.

“போட்டி ஜாஸ்தியானா இப்டித்தான். அழுவாத, நான் பாத்துக்கறேன்” என்றான் ஜெபசீலன்.

அவன் பார்க்கும்வரை பொறுக்க முடியுமா? பொன்மலர் அடுப்பை அணைத்தாள். மூன்று வேளையும் சட்டுனு சாப்பாடு. ஷேர் அசையவில்லை.

தையல் லைன் பெண்களைக் கூட்டு சேர்த்தாள். “பாதி விலைக்குக் கூப்பன் தர்றான்டி, ஆர்டர் போடுங்க!”

லைன் முழுக்கப் போட்டது. மாதக் கடைசியில் செய்தி வந்தது: தள்ளுபடி கொடுத்தே சட்டுனுவுக்குப் பெரும் நஷ்டம். ஷேர் இன்னும் சரிந்தது.

“நாமளே தின்னு கவுத்துட்டமாடி?” என்றாள் அமிர்தவள்ளி, ஏப்பம் விட்டபடி.

பொன்மலர் பிரியாணிக் கடை நசீர் அகமதுவிடம் போனாள்.

“பாய், பட்டுனுக்காரன் கமிஷன் ஜாஸ்தியா புடிக்கிறானா?”

“பேஜாரும்மா. அடுப்புல வேவுறது நான், லாபம் அவனுக்கு.”

“அப்ப இன்னாத்துக்குக் குடுக்கறீங்க?”

நசீர் அகமது தாடியைத் தடவினார். மறுநாள், ‘பட்டுனுவுக்குப் பிரியாணி கிடையாது’ என்று பலகை மாட்டினார். பக்கத்துக் கடையும் மாட்டியது. பேரணாம்பட்டு, வேலூர் என்று பலகை பரவியது. பிரியாணி இல்லாத கம்பெனியை இந்தப் பக்கம் யார் சீண்டுவார்கள்? டிவியில் பட்டுனு ஷேர் தலைகுப்புற விழுந்தது. சட்டுனு எழுந்து உட்கார்ந்தது.

பொன்மலர் அடுப்பை மறுபடி பற்றவைத்துக் கேசரி கிண்டினாள். குளியலறைக்கு நீலக் கல்லா, பச்சைக் கல்லா என்ற யோசனைகூட வந்துவிட்டது. ஜெபசீலன் மட்டும் தட்டைத் தொடவில்லை.

“உங்க பொண்டாட்டி ஒரு கம்பெனியையே ஓட வுட்டுட்டா! மூஞ்சி ஏன் இப்டி இருக்குது?”

கேசரி வாசனைக்கு உள்ளே வந்திருந்த ஜெபசீலனின் தோஸ்த் முஸம்மில், கரண்டியை வழித்து நக்கினான்.

“இன்னாண்ணே, அண்ணி அழுவறாங்கன்னு போன மாசமே எல்லாத்தயும் பட்டுனு ஷேருக்கு மாத்துனியே, இன்னும் சொல்லலியா?”

ஜெபசீலன் கேசரித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டான். செருப்பை மாட்டினான். தெருவில் இறங்கிப் போனான்.