ஆவரங்காட்டூர்க் கிடாயின் சம்மதம்

ஹிட்லரைத் தோற்கடித்தவர்களின் பட்டியலில் ஆவரங்காட்டூர் மணியக்காரர் அர்த்தநாரியின் பெயர் இல்லாதது சரித்திரத்துக்கே பெருத்த அவமானம். லண்டனில் திட்டம் போட்டவர்களுக்கும் பாலைவனத்தில் பீரங்கி சுட்டவர்களுக்கும் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கிய சரித்திராசிரியர்கள், மல்லசமுத்திரத்திலிருந்து மூன்று மைல் மாட்டுவண்டியில் வந்து ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது.

1943-ஆம் வருஷம், தை மாதம். தாசில்தாரிடமிருந்து மணியக்காரருக்கு ஓர் உத்தரவு வந்தது. யுத்தத்தைப் பற்றிய பொதுஜன அபிப்பிராயத்தை அறிந்து தெரிவிக்க வேண்டும். அந்த அபிப்பிராயம் ‘ஏகமனதான ஆதரவாக’ இருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சியாக நான்கு வாலிபர்கள் ‘மனமுவந்து’ பட்டாளத்தில் சேர வேண்டும். வியாழக்கிழமை காலை தாசில்தாரே நேரில் வந்து அந்த உவப்பைப் பார்வையிடுவார்.

அபிப்பிராயம் இன்னதென்று அரசாங்கமே முன்கூட்டிச் சொல்லிவிட்டதால் மணியக்காரருக்குப் பாதி வேலை மிச்சம். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை: ‘ராவ் சாகிப்’ பட்டம். தம் பெயருக்கு முன்னால் அதைப் போட்டு எழுதிப் பார்த்த காகிதம் ஒன்று அவருடைய தலையணைக்கடியில் இருந்தது. ஆகவே மனமுவக்க வேண்டிய நால்வரையும் அவரே தேர்ந்தெடுத்தார். முதல் பெயர் வீரன். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் இருபது வயதுக்காரன். பெருமாயி என்ற விதவைக்கு ஒரே பிள்ளை. மணியக்காரரின் மகன் குழந்தைவேலுக்கும் அதே வயதுதான். ஆனால் அவன் சேலத்தில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபடியால் அவன் பொதுஜனத்தில் சேர மாட்டான்.

செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் பூர்வாங்கக் கூட்டம் நடந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காத காரணத்தால் ஊரார் எல்லாரும் பொழுதோடு வந்துவிட்டார்கள். மணியக்காரர் நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஏனுங்க, அவிய எதுக்குங்க அடிச்சுக்கறாங்க? வரப்புத் தகராறுங்களா?” என்று பெருமாயி கேட்டாள்.

“அடுத்தவன் நாட்டுக்குள்ள செருமன்காரன் பூந்துக்கிட்டான் பெருமாயி. அது அநியாயமுன்னு நம்ம துரைமாரு சண்டைக்குப் போயிருக்கறாங்க.”

பெருமாயி அடுத்த கேள்வியைப் போட்டாள்.

“துரைமாருக்கு எந்த ஊருங்க?”

மணியக்காரர் நோட்டின் மேல் குனிந்து எழுதினார்: ‘பூகோள விஷயங்களில் ஜனங்களுக்கு மிகுந்த ஆர்வம்.’

“போன சண்டைக்கு எங்கண்ணன் போனாருங்க. பஸ்ராவாம். திரும்பி ஊடு வந்து சேந்தது சர்க்காரு அனுப்புன ஒரு வெங்கல வட்டந்தானுங்க. அதுல அவரு பேரு போட்டிருக்குதாம், எனக்குப் படிக்கத் தெரியாது. எம்பட பையன உட்டுருங்க சாமி” என்றாள். கைகூப்பினாள்.

மணியக்காரரின் பேனா ஒரு கணம் நிற்கத்தான் செய்தது. உடனே தலையணைக் காகிதத்தை நினைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டு எழுதினார்: ‘யுத்த சேவை இக்குடும்பத்தில் பரம்பரை.’

கூட்டம் முடியும்வரை ஒருவரும் மனமுவக்கவில்லை. கடைசியில் பூசாரி காளியப்பன்தான் வழி சொன்னார். “ஆத்தாகிட்டக் கேட்டுப்போடலாங்க. அவ சொல்லிட்டா அப்பறம் மறுபேச்சு ஏது?”

ஆத்தாளிடம் கேட்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. கோயில் முன்னால் கிடாயை நிறுத்தி அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் துளுக்கிவிட்டது என்பார்கள். ஆத்தாள் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அதன் பிறகுதான் வெட்டு.

மணியக்காரரின் முகம் மலர்ந்தது. தை மாதக் காலைக் குளிரில் தலையில் தண்ணீர் விழுந்தால் உதறாத கிடாய் எந்த உலகத்தில் இருக்கிறது? வெள்ளைக்காரன் பார்லிமெண்டு கட்டி, மெம்பர்களுக்கு மெத்தை போட்டு, மாதக்கணக்கில் பேசிக் கண்டுபிடிக்கிற பொதுஜன அபிப்பிராயத்தை ஆவரங்காட்டூர் ஒரு குடம் தண்ணீரில் கண்டுபிடித்துவிடும்! அவர் எழுந்து நின்று ஊரறிய அறிவித்தார்: “கெடாய் எம்படது. துளுக்குனாச் சம்மதம். துளுக்குனதுக்கப்பறம் அது இதுன்னு ஆரும் நாயம் பேசப்படாது!”

ஊர் ஒத்துக்கொண்டது.

வியாழக்கிழமை விடியற்பொழுதில் தாசில்தார் கம்பளிக் கோட்டும் மப்ளருமாக வந்து, ஊரார் போட்ட சாமந்தி மாலையோடு நாற்காலியில் அமர்ந்தார். பூசாரி அரிவாளைப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு ஒரு குடம் ஊற்றினார். கிடாய் கண்ணை மூடித் திறந்தது. இரண்டாவது குடத்துக்குத் தாசில்தாரின் மாலையிலிருந்து ஒரு சாமந்தியைப் பிடுங்கி மென்றது. ஐந்து குடம் ஆயிற்று, ஆறு ஆயிற்று. கிடாய் நடுநிலைமை வகித்தது.

“எத்தனை குடம் மணியம்?”

“ஏழுங்க எசமான்.”

தாசில்தார் குரலைத் தாழ்த்தினார். “இந்த ஆட்டுக்குக் காங்கிரஸ்காரர்கள் சகவாசம் ஏதாவது உண்டா?”

“ஐயையோ, இல்லீங்க எசமான். எங்கூட்டுக் கெடாயிங்க. தவுட்டுத்தொட்டியத் தவிர வேற சகவாசமே கெடையாதுங்க.”

எட்டாவது குடமும் வீணாயிற்று. ராவ் சாகிப் பட்டம் தவிட்டோடு போய்விடுமோ என்று மணியக்காரருக்கு வியர்த்தது. தாமே ஒரு சொம்பு தண்ணீரை எடுத்துக்கொண்டு போனார். தடவிக் கொடுப்பவர் போலக் குனிந்தார். கிடாயின் காதைப் பிரித்து உள்ளே ஊற்றினார்.

கிடாய் கொம்பிலிருந்து வால்வரை உதறியது. தாசில்தாரின் கோட்டெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

“உத்தரவு!” என்று மணியக்காரர் கத்தினார். தாசில்தார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பட்டியலை வாசித்தார். முதல் பெயர் வீரன். அவன் தலை குனிந்து முன்னால் வந்து நின்றான்.

பெருமாயி அழவில்லை. மீதமிருந்த மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு தூக்கிக்கொண்டு மணியக்காரரிடம் வந்தாள்.

“ஊருக்கு உத்தரவு வாங்கிக் குடுத்த மவராசன் நீங்க. ஆத்தா தீர்த்தத்த உங்க தலையில உடோணுமுங்க.”

தாசில்தார் பார்த்துக்கொண்டிருக்கையில் இப்படியொரு மரியாதை! மணியக்காரர் தலைப்பாகையைக் கழற்றி, கைகூப்பி, பணிவோடு குனிந்தார். பெருமாயி முழுக் குடத்தையும் அவருடைய வலது காதைப் பார்த்துச் சாய்த்தாள்.

மணியக்காரர் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை உதறினார். கிடாயைவிட நன்றாகவே உதறினார் என்று பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

“துளுக்கிட்டாருங்க!” என்று பெருமாயி கூவினாள். “மணியாரு ஊட்டுக்கும் உத்தரவு ஆயிருச்சுங்க! எசமான், எழுதிக்கோங்க. பையன் பேரு குழந்தவேலு!”

“துளுக்கிட்டாரு! துளுக்கிட்டாரு!” என்று ஊரே கத்தியது.

தாசில்தாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. “படித்த வாலிபரா? பேஷ்! மணியம், உம்முடைய ராஜ விசுவாசத்தைப் பற்றித் தனியாகவே எழுதுகிறேன்” என்று பேனாவைத் திறந்தார்.

“எசமான், வேண்டாமுங்க!” மணியக்காரர் பல் தந்தியடிக்க அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “காதுல தண்ணி பூந்திருச்சுங்க! குளுரு தாங்காம ஒதறுனேனுங்க! அது சம்மதமே இல்லீங்க! எனக்கு ஒத்தப் பையனுங்க!”

பெருமாயி காலிக் குடத்தைக் கீழே வைத்தாள்.

“கெடாயும் அதையேதானுங்க சொல்லுச்சு” என்றாள் பெருமாயி. “எனக்கும் ஒத்தப் பையந்தானுங்க.”

அரிவாளை எடுக்கக் குனிந்த காளியப்பன் அப்படியே நிமிர்ந்தார். கூட்டம் நாற்காலியை நோக்கி இரண்டடி நகர்ந்தது. தாசில்தார் அனுபவஸ்தர். ஒரு பெயரை அடித்தால் மற்றவற்றையும் அடிக்க வேண்டும், அடிக்காவிட்டால் தாம் நடந்து ஊர் போய்ச் சேர முடியாது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. பட்டியலை நான்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். வீரன் மாடு பூட்டப் போனான். கிடாய் தவிட்டுத்தொட்டிக்குப் போயிற்று.

ஆனால் அரசாங்கப் படிவத்தைக் காலியாக அனுப்ப முடியாதல்லவா? அன்று மத்தியானமே மணியக்காரர் தும்மிக்கொண்டே அதைப் பூர்த்தி செய்தார். ‘பொதுஜன அபிப்பிராயம்: ஏகமனதான ஆதரவு. வாலிபர்கள்: மனம் உவந்தது, தேகஸ்திதி இடங்கொடுக்கவில்லை.’ மறுவருஷம் ராவ் சாகிப் பட்டமும் வந்து சேர்ந்தது.

சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் இதே மாதிரி படிவங்கள் போயின. அந்த ஊர்களில் மணியக்காரர் தலையில் தண்ணீர் ஊற்ற ஒரு பெருமாயி இல்லை. அங்கிருந்து பையன்களும் போனார்கள். படிவங்களையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, தேசமே யுத்தத்துக்கு மனமுவந்து நிற்கிறது என்று சீமையில் பெருமையாகப் பேசிக்கொண்டார்களாம். பேசியவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் படிவத்தில் கிராமத்துக்குக் கட்டம் இருந்தது, தலைக்கட்டுக்குக் கட்டம் இருந்தது, ஆதரவுக்குக் கட்டம் இருந்தது. காதில் தண்ணீர் ஊற்றியவர் யார் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.