லோடு செயலியில் ஏற்றிய சம்பந்தம்

சாத்தூர்,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

மல்லாங்கிணறு சம்பந்தி சோணைமுத்து அவர்களுக்கு, சாத்தூர் தங்கப்பாண்டியன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரி சோலையம்மாளும் மகள் பாண்டிமீனாவும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை மாரீஸ்வரனும், உங்கள் மிளகாய்ச் செடியும்கூட, நலமாயிருக்க இருக்கன்குடி அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

சம்பந்தி என்று இன்னும் எழுதலாமா கூடாதா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, சரி, ஆனது ஆகட்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன். நீங்கள் போனை எடுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. உங்கள் கோபம் நியாயம்தான். "உங்கள் லோடு நிராகரிக்கப்பட்டது. சரக்கு: மாரீஸ்வரன். காரணம்: பாதுகாப்பு ஒப்புதல் வரவில்லை. சரக்கை இறக்கிவிட்டு மறுபடி விண்ணப்பிக்கவும். தீப்பெட்டி, பீடி, செல்போன் கொண்டுவரக் கூடாது" என்று பெண் வீட்டிலிருந்து செய்தி வந்தால் எந்தத் தகப்பனுக்குத்தான் பொறுக்கும். அதை நான் அனுப்பவில்லை, ஆனால் என்னிடமிருந்துதான் வந்தது. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கிழித்துப் போடுங்கள்.

பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "ஏஐன்னு ஒண்ணு வந்து எல்லா வேலையையும் தின்னுருதாமே, பொண்ணு வேலை நெலைக்குமா?" பாண்டிமீனா காப்பித் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டாள். நானும் பேசவில்லை, ஏனென்றால் பிஸினஸ் அனலிஸ்ட் என்றால் என்ன வேலை என்று பெற்ற எனக்கே தெரியாது. சம்பளம் வருகிறது, நாள் பூராவும் பேசுகிறாள், அவ்வளவுதான் தெரியும். அப்புறம்தான் கேட்டேன். ஒரு கம்பெனிக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அதைப் புரியும்படி எழுதி, செயலி செய்கிறவர்களிடம் கொடுப்பதாம். முன்பெல்லாம் எழுதி முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும், செய்து வருவதற்குள் கேட்டவர் ரிட்டயர் ஆகிவிடுவார் என்றாள்.

இப்போது அப்படி இல்லை சம்பந்தி, என் கண்ணால் பார்த்தேன். நான் லோடு பொறுப்பாக இருக்கிற அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் முதலாளி இவளைக் கூப்பிட்டு, சீசன் நேரத்தில் லோடு அனுப்புவது பெரும்பாடாக இருக்கிறது, ஏதாவது செய்து கொடும்மா என்றார். எங்கள் கம்பெனி வழக்கம் உங்களுக்குத் தெரியாது. பேக்கிங்காரர், குடோன்காரர், லைசென்ஸ் பார்க்கிறவர் எல்லாரும் சரி சொன்னால்தான் வண்டி கேட்டைத் தாண்டும். ஒருத்தர் வாயைத் திறக்காவிட்டாலும் வண்டி நிற்கும். பட்டாசு விஷயத்தில் பேசாமல் இருந்தால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். முதலாளியே போன் போட்டும் நான் வண்டியை விடாத நாள் உண்டு. இவள் காலையில் போய் ஒவ்வொருத்தர் பக்கத்திலும் உட்கார்ந்து கேட்டாள். அவர்கள் பேசப் பேச அந்த ஏஐ எழுதிக்கொண்டே வந்தது, அவர்கள் திட்டியதை மட்டும் நாகரிகமாக விட்டுவிட்டது. மத்தியானம் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக இழுத்து வைத்தாள், ஒரு வரி புரோகிராம் எழுதவில்லை. சாயங்காலம் வடை வருவதற்குள் குடோன்காரர் போனில் செயலி ஓடுகிறது. பெற்றவன் சொல்லக் கூடாது, அசந்துபோனேன். சோலையம்மாள் மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போட்டாள்.

அன்றைக்கு எனக்குப் பிடித்தது சனி. இம்புட்டு லேசா இருக்கே, நாமளே ஒண்ணு செஞ்சா என்ன என்று தோன்றிவிட்டது. அந்த லோடு செயலியையே ஒரு நகல் எடுத்து, இதை நிச்சயதார்த்தத்துக்கு மாத்திக் கொடு என்று ஏஐயிடம் சொன்னேன். அது என்ன மரியாதை, என்ன பொறுமை. யார் பெரியவர், யாரை முதலில் கேட்க வேண்டும் என்று கல்யாண வீட்டு அத்தை மாதிரி துருவித் துருவிக் கேட்டது. கடைசியில் ஒரு கேள்வி தேவையில்லாமல் கேட்டது, அதை விட்டுவிட்டேன். வாயில் போட்ட வெற்றிலை தீருவதற்குள் செயலி தயார். சரக்கு என்ற இடத்தில் மாப்பிள்ளை பெயர், சேருமிடம் என்ற இடத்தில் பாண்டிமீனா பெயர். முதல் ஒப்புதல் பெண்ணின் தாய்மாமன், என் மச்சினன் இருக்கன்குடி செல்லப்பாண்டி. அவருக்குச் செய்தி போனது. அவர் பதில் சொல்லவில்லை. பதில் இல்லையென்றால் வேண்டாம் என்று அர்த்தம் என்பது லோடு செயலியின் சட்டமில்லையா, அது தன் கடமையைச் செய்து உங்கள் வீட்டுக்கும் சொந்தக்காரர் எல்லாருக்கும் செய்தி அனுப்பிவிட்டது.

மச்சினனிடம் ஓடினேன். "போன்ல பட்டனை அமுக்குங்கறீகளே, நான் என்ன கேஸு சிலிண்டரா புக் பண்ணுதேன்? தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, நேர்ல வந்து கேட்டாத்தான் தாய்மாமன்" என்றார். பாண்டிமீனாவிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "ஏஐ தப்பு பண்ணலப்பா, நீங்க சொன்னதைத்தான் செஞ்சிருக்கு. கட்டம் இழுக்கதை இனிமே யாரு வேணாலும் செய்யலாம். யாரை, எப்படிக் கேக்கணும்னு கண்டுபிடிக்கதுதான் என் வேலை" என்றாள். உங்கள் கேள்விக்கு இதுதான் பதில் சம்பந்தி, வேலை நிலைக்கும். அவளே செயலியைத் திருத்தினாள். தாய்மாமன் பேசாமல் இருந்தால் இப்போது "தட்டுடன் நேரில் போகவும்" என்று எனக்குச் செய்தி வருகிறது. தட்டுடன் போனோம். மச்சினன் வெற்றிலைக் கையாலேயே பச்சைப் பட்டனை அமுக்கினார், சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் அமுக்கினார். ஆக எங்கள் பக்கம் எல்லாருக்கும் சம்மதம். நீங்கள் மனம் இரங்கி நாள் குறித்தால் போதும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தையும் மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தையும் சொல்லவும். உங்கள் காட்டில் நல்ல மழை பெய்யட்டும், எங்கள் குடோன் பக்கம் மட்டும் பெய்யாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தியாகவே இருக்க ஆசைப்படும்
தங்கப்பாண்டியன்

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கக் கடிதத்தைப் பாண்டிமீனாவிடம் கொடுத்தேன். "எல்லாருக்கும் சம்மதம்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். "இதுல நான் எங்கனப்பா இருக்கேன்?" என்றாள். சேருமிடத்தில் இருக்கிறாய் என்றேன். சேருமிடத்தை யாரும் கேட்பதில்லையே என்றாள். அந்த ஏஐ கடைசியாகக் கேட்டதும் இதைத்தான்: கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பெண்ணின் ஒப்புதல் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று. அன்னைக்கு நீ பேசாமத்தானே உள்ள போன, சம்மதம்னு நெனச்சேன் என்றேன். இப்போது எல்லாருக்கும் முன்னால் தன் பெயரில் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறாள், அது பச்சையாகாமல் மஞ்சளாகவே நிற்கிறது. ஆகையால் மேலே "எல்லாருக்கும்" என்று எழுதியதை அடித்துவிடவும், நாள் எதுவும் குறிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரனை மட்டும் அனுப்பிவைக்கவும். இவளுக்கு அவரிடம் கேட்க நிறைய இருக்கிறதாம். செல்போன் கொண்டுவரலாம். அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன் சம்பந்தி. "உங்க கம்பெனியில ஒருத்தர் பேசாம இருந்தாலே வண்டியை நிறுத்துவீக. நான் பேசாம இருந்ததுக்கு மட்டும் எப்படிப்பா வண்டியைக் கெளப்புனீக?" என்று கேட்டுவிட்டாள்.