மூன்று மாத மௌனமும் ஒரு தும்மலும்

மதிப்பிற்குரிய இத்ரீஸ் மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பருத்திப்பட்டிலிருந்து ஜக்கரியா எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் தங்கை தாஹிராவும் பிள்ளை சுமையாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். தம்மாமில் உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பெருமை பேச ஆரம்பித்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

வீட்டில் மிக்ஸி ஓடும்போதுகூட நிறுத்தாமல் பேசுகிற சுமையா, எல்.கே.ஜி. சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதமாக வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸலாமுக்குக்கூட உதடு அசையாதாம். இந்த மாதமும் பேசாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று மெஹர்பானு மிஸ் கூப்பிட்டுச் சொன்ன அன்று உங்கள் தங்கை சோறு சாப்பிடவில்லை. நான்தான் தைரியம் சொன்னேன். இது நோயில்லை, உங்கள் குடும்பத்துச் சுபாவம் என்றேன். நாங்கள் பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் இரண்டு மணி நேரம் டீ கிளாஸை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை உதாரணமாகச் சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கும் சோறு கிடைக்கவில்லை.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம், மாதம் ஒருநாள் பெற்றோரில் ஒருவர் மதியம் வரை வகுப்பில் உட்கார்ந்து ஒத்தாசை செய்ய வேண்டும். எப்போதும் அம்மாக்கள்தான் போவார்கள். எங்கள் முறை வந்தபோது தாஹிராவுக்குக் காய்ச்சல். ஆவடி டாங்க் தொழிற்சாலையில் இருபது வருடமாக ஃபிட்டர் வேலை பார்ப்பவன் இதைச் சமாளிக்க மாட்டேனா என்று லீவு போட்டுவிட்டு நேற்று நான் போனேன். வாசலில் ஸலாம் சொன்னதும் பிள்ளைகள் பதில் சொன்ன சத்தத்தில், எஞ்சின் ஓட்டிப் பார்க்கும் இடத்தில் பழகிய என் காதே அடைத்துக்கொண்டது. சுமையா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை இறுக்கிக்கொண்டாள். ஆயா எல்லம்மா, "குந்து சார்" என்று காட்டிய நாற்காலி என் முழங்கால் உயரம்கூட இல்லை. உட்கார்ந்தேன், எழுந்தபோது அதுவும் என்னோடு எழுந்தது, அதைப் பிடித்து இழுக்க எல்லம்மாவும் மூன்று பிள்ளைகளும் தேவைப்பட்டார்கள். மிஸ் பலகையில் அரபி எழுத்து அலிஃப், பே எழுத ஆரம்பித்த நேரத்தில் உமைர் என்ற பையன் தும்மி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். உடனே வகுப்பே "யர்ஹமுகல்லாஹ்" என்று அவனுக்காக துஆ செய்தது. இந்த மரியாதை பிடித்துப்போய் அடுத்த பையன் தும்மினான், அவனுக்கும் கிடைத்தது, அப்புறம் வரிசையாக எல்லோரும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பொய்த் தும்மல் தும்ம, பே என்ற எழுத்து கால் மணி நேரம் பலகையில் தனியாக நின்றது. பெருக்கிக்கொண்டிருந்த எல்லம்மாவும் ஒவ்வொரு தும்மலுக்கும் சுத்தமாகப் பதில் சொன்னாள். நான் ஆச்சரியமாகப் பார்த்ததற்கு, "பதினோரு வருசமா கேட்டுகினு கீறேன் சார், தானா வந்துடுது" என்றாள்.

சும்மா இருக்க வேண்டாமே என்று பலகை துடைக்கும் டஸ்டரை எடுத்துத் தொழிற்சாலை வேகத்தில் சுவரில் நான்கு தட்டுத் தட்டினேன். தூசி முழுவதும் என் மூக்கில். ஜன்னல் கண்ணாடி அதிரும்படி தும்மிவிட்டு, வேலையிடத்துப் பழக்கத்தில், "சாரி" என்றேன். வகுப்பு அப்படியே நின்றுவிட்டது. தும்மியவர் இறைவனைப் புகழாவிட்டால் பதில் துஆ கிடையாது, மிஸ் சொல்லிக்கொடுத்திருக்கும் சட்டம் அது. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார்கள், எனக்கோ எதற்கென்றே மண்டையில் ஏறவில்லை. அப்போது கடைசிப் பாயிலிருந்து சுமையா எழுந்தாள்.

"அத்தா, தும்முனா அல்ஹம்துலில்லாஹ் சொல்லணும். சொன்னாத்தான் நாங்க துஆ செய்வோம்."

சொன்னேன் மச்சான். பாதிதான் வெளியே வந்தது. முதல் ஆளாக யர்ஹமுகல்லாஹ் சொன்னது என் மகள்தான். மிஸ் சாக்பீஸைக் கீழே போட்டார். எல்லம்மா விளக்குமாற்றோடு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். என் கண்ணில் தண்ணீர் வந்ததற்குத் தூசிதான் காரணம் என்று அங்கே சொல்லிவைத்தேன், உங்களிடம் என்ன மறைப்பது. பத்து டாங்கை ஒரே நாளில் ஓட்டி வெளியே விட்டாலும் எனக்கு அந்தப் பெருமை வந்திருக்காது. உங்கள் குடும்பத்து ஊமைத்தனத்தை என் ரத்தம் கடைசியில் ஜெயித்துவிட்டது என்பதையும் அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும் சீக்கிரம் ஒரு லீவையும் தருவானாக. வீட்டில் அனைவருக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
சுமையாவின் அத்தா
ஜக்கரியா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் தாஹிராவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று மாதமாக ஏன் பேசவில்லை என்று அவள் பிள்ளையைக் கேட்டாள். "அத்தாதான் மொத நாளு ஸ்கூல் வாசல்ல சொன்னாங்க, கிளாஸ்ல வாயத் தொறக்கவே கூடாதுன்னு" என்றாள். வாயாடி என்று பெயர் வாங்கிவிடப் போகிறாளே என்ற பயத்தில் சொன்னேன்தான், அன்றே மறந்தும் போனேன். ஆகவே உங்கள் குடும்பத்தைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து அடித்துவிடவும், டீ கிளாஸையும் சேர்த்து. அப்புறம் நேற்று மட்டும் ஏன் திறந்தாய் என்று நான் கேட்டேன். "எல்லாருக்கும் துஆ செஞ்சாங்க, உங்களுக்கு மட்டும் யாருமே செய்யல" என்றாள். இந்த ஒரு வரியை மட்டும் அடிக்க வேண்டாம் மச்சான்.